நிறைய வித்துச்சுன்னா நல்ல கேமா? சக்தி கம்மியான கன்சோலோட விற்பனைக் கணக்கை எப்படிப் படிக்கிறது

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, தில்லி ஆர்.கே.புரத்துல அக்கா வீட்டுல மதிய சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் கண்ணு சொக்கிக் கிடக்குறப்ப, அக்கா பையன் பக்கத்துல வந்து உக்காந்து "மாமா, உங்க ஸ்விட்ச்ல ஓடுற கேமெல்லாம் பழைய போன்ல ஓடுற மாதிரி இருக்கு, அது எப்படி கோடிக்கணக்குல விக்குது, சின்னப் பசங்களுக்கு அப்பா அம்மா வாங்கித் தர்றதுதானே அது?"ன்னு கேட்டான். என்கிட்ட இருக்குறது நின்டெண்டோவோட ஸ்விட்ச், அவன்கிட்ட இருக்குறது அதை விட வலுவான கன்சோல், சோனியோட பிஎஸ்5. பன்னெண்டாவது படிக்கிறான். "இல்லடா, இத்தனை கோடி பேர் சும்மா வாங்குவாங்களா"ன்னு நானும் சட்டுனு சொல்லிட்டேன். மெட்ரோல வீட்டுக்குத் திரும்பி வர்றப்பதான் நான் சொன்னது தப்புன்னு தோணுச்சு. அவன் சொன்னதும் தப்புதான். அதனாலதான் உக்காந்து இதை எழுதுறேன்.

விஷயம் என்னன்னா, ஒரு கேம் எத்தனை காப்பி வித்துச்சுங்கற எண்ணுக்குள்ள நாலஞ்சு விஷயம் ஒண்ணா கலந்து கிடக்கு. அந்த மெஷின் எத்தனை வீட்டுல இருக்கு, கேம் கடைக்கு ஒழுங்கா வந்துச்சா, கன்சோல் டப்பாவோட சேத்துக் குடுத்தாங்களா, இதுக்கு முன்னாடி வந்த பாகம் நல்லா இருந்துச்சா, இதெல்லாம் போக மிச்சம் இருக்குறதுதான் தரம். மிச்சம்னு சொல்றதால அது சின்னதுன்னு இல்ல. ஆனா மத்ததை எல்லாம் கழிக்காம அது கண்ணுக்குத் தெரியாது.

இதைக் கழிச்சுப் பாக்குறதுக்குன்னே யாரோ ஏற்பாடு பண்ண மாதிரி ஒரு உதாரணம் இருக்கு. மரியோ கார்ட் 8ங்கற கார் ரேஸ் கேம். 2014ல வீ யூங்கற, ஸ்விட்ச்சுக்கு முந்தின நின்டெண்டோ கன்சோல்ல வந்துச்சு, அங்க வித்தது சுமார் 84 லட்சம். அதே கேமை 2017 ஏப்ரல்ல டீலக்ஸ்னு பேர் போட்டு ஸ்விட்ச்ல விட்டாங்க, இப்ப 6.8 கோடியைத் தாண்டிடுச்சு. பேட்டில் மோடை சரி பண்ணாங்க, முன்னாடி தனியா வித்த கூடுதல் பாகம் (டிஎல்சி) எல்லாத்தையும் உள்ளயே குடுத்தாங்க, பின்னாடி 2022, 23ல காசு வாங்கிட்டு 48 டிராக் சேத்தாங்க, அதெல்லாம் உண்மைதான். ஆனா வண்டி திரும்புற விதம், டிரிஃப்ட் போடுறப்ப வர்ற அந்த இழுப்பு, ரோடு தலைகீழாத் திரும்புற டிசைன், எல்லாம் 2014ல செஞ்சது. தரம் எட்டு மடங்கு கூடல, விற்பனை எட்டு மடங்கு கூடுச்சு. ஏன்னா வீ யூ மொத்தமே 1.35 கோடிதான் வித்துச்சு, ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல.

இப்ப இதையே வேற மாதிரி வகுத்துப் பாருங்க, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச கணக்கு. வீ யூ வச்சிருந்தவங்கள்ல பத்துக்கு ஆறு பேர்கிட்ட மரியோ கார்ட் 8 இருந்துச்சு. ஸ்விட்ச் வச்சிருக்கவங்கள்ல பத்துக்கு நாலரை பேர். அதாவது தோத்துப் போன மெஷின்லதான் அந்த கேமை அதிக விகிதத்துல வாங்கிருக்காங்க. மொத்த எண்ணை மட்டும் பாத்தா வீ யூ கேம் தோல்வின்னு எழுதிட்டுப் போயிருப்போம். ரெண்டு மெஷின்லயும் கேமை பண்டில் போட்டு, அதாவது கன்சோலோட சேத்து வித்ததால இந்த விகிதமும் சுத்தமான அளவுகோல் இல்ல, ஆனா மொத்த எண்ணை விட எவ்வளவோ மேல்.

சரி, அப்ப சக்தி கம்மியான மெஷின் ஏன் இத்தனை வீட்டுக்குள்ள போகுது? பழைய கணக்கைப் பாத்தா இது ஒரு தடவை மட்டும் நடந்ததில்ல. 1989ல நின்டெண்டோவோட கைல வச்சு விளையாடுற கேம்பாய் வந்தப்ப கலரே கிடையாது, நாலு ஷேடு மட்டும், பச்சையா மங்கலா ஒரு திரை. கொஞ்ச நாள்ல சேகாவோட கேம் கியர் கலர்ல, பின்னாடி லைட்டோட வந்துச்சு. ஆனா கேம் கியருக்கு ஆறு பேட்டரி போடணும், மூணுலேர்ந்து அஞ்சு மணி நேரத்துல காலி. கேம்பாய்க்கு நாலு பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல ஓடும். கேம்பாயும் அதோட கலர் மாடலும் சேந்து 11.8 கோடி வித்துச்சு, கேம் கியர் ஒரு கோடி சொச்சம். கேம்பாயை உருவாக்குன குன்பேய் யோகோய் வச்சிருந்த கொள்கையே இதுதான், விலை இறங்கி எல்லாருக்கும் பழகிப்போன பார்ட்ஸை எடுத்து யாரும் யோசிக்காத விதத்துல உபயோகப்படுத்துறது. பிஎஸ்2வும் அது கூட வந்த எக்ஸ்பாக்ஸை விட வலு கம்மியானதுதான், அது 16 கோடி போச்சு. கைல வச்சு விளையாடுற நின்டெண்டோ டிஎஸ், சோனி பிஎஸ்பி கதையும் இதேதான்.

2006ல நின்டெண்டோவோட வீ வந்தப்ப இன்னும் மோசமான வித்தியாசம். பிஎஸ்3லயும் எக்ஸ்பாக்ஸ் 360லயும் 512 எம்பி மெமரி, வீல 88 எம்பி. படத்தோட தெளிவு 480பிக்கு மேல போகாது, எச்டி கிடையாது. வித்தது மட்டும் 10 கோடிக்கு மேல, பிஎஸ்3 8.7 கோடி. இங்க டிவி பத்தி ஒண்ணு சொல்லியாகணும், இதை யாரும் கணக்குல எடுக்குறதில்ல. அன்னைக்கு பெரும்பாலான வீட்டுல இருந்தது டப்பா டிவி. எங்க வீட்டு முன் ரூம்ல இருந்ததும் 21 இன்ச் டப்பா டிவிதான், மேல ஒரு துணி, துணி மேல பிள்ளையார். அந்த டிவில எச்டி கன்சோலை மாட்டினா அதோட கூடுதல் சக்தி எங்க போய்த் தெரியும்? டெட் ரைசிங்னு ஒரு கேம், 2006ல 360க்கு வந்துச்சு, அதுல எழுத்து எச்டி டிவிக்குன்னு அவ்வளவு சின்னதா வச்சுட்டாங்க, பழைய டிவில படிக்கவே முடியலன்னு உலகம் பூரா புகார். டிவி காட்டாத சக்திக்குக் காசு குடுக்கணுமான்னு ஒரு குடும்பம் யோசிச்சா அது விவரம் இல்லாத யோசனை இல்லயே.

ஆனா உடனே "அப்ப வலு கம்மியா இருக்குறதுதான் ஜெயிக்கிற வழி"ன்னு நினைச்சுடக் கூடாது. வீ யூவும் வலு கம்மிதான். அது படுத்துடுச்சு. அது புது கன்சோலா இல்ல வீக்கு ஒரு துணைக்கருவியான்னு பேரைப் பாத்து பல பேருக்குப் புரியவே இல்ல. மெஷினோட வலு விற்பனையை நேரா முடிவு பண்றதில்ல. விலை, எங்க வச்சு விளையாட முடியும், யார் விளையாடுவாங்க, இதெல்லாம்தான் முடிவு பண்ணுது.

இப்ப தரத்துக்கு வருவோம். வீயோட மூணு கேமை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். வீ ஸ்போர்ட்ஸ் 8.29 கோடி. வீ பிளே 2.8 கோடி. சூப்பர் மரியோ கேலக்ஸி 1.28 கோடி. விமர்சகர்கள் போட்ட சராசரி மார்க்கு மெட்டாக்ரிட்டிக்ல இதே வரிசைல 76, 58, 97. விற்பனைதான் தரம்னா 58 மார்க் வாங்குன கேம் 97 மார்க் வாங்குனதை விட ரெண்டு மடங்குக்கு மேல நல்ல கேம்னு ஆகிடும். நடந்தது என்னன்னா, வீ பிளே டப்பால ஒரு வீ ரிமோட்டும் சேந்து வந்துச்சு. ரெண்டாவது ஆளுக்கு ரிமோட் வேணும், தனியா வாங்குறதுக்கும் இதுக்கும் விலைல பெரிய வித்தியாசம் இல்ல, அப்ப எல்லாரும் இதைத்தான் தூக்குவாங்க. அது ரிமோட்டோட விற்பனை, கேமோட விற்பனை இல்ல.

வீ ஸ்போர்ட்ஸ் அப்படி இல்ல, இங்க நான் விமர்சகர்கள் பக்கம் நிக்க மாட்டேன். அமெரிக்கா ஐரோப்பால கன்சோலோடயே குடுத்தாங்கங்கறது உண்மை, அதனால அந்த 8 கோடியை அப்படியே எடுத்துக்க முடியாது. ஆனா ஜப்பான்ல அதைத் தனியா காசு குடுத்துதான் வாங்கணும், அங்கயும் 30 லட்சத்துக்கு மேல போச்சு. 2008ல சிங்கப்பூர் சித்தப்பா ஒரு வீ கொண்டு வந்து குடுத்தாரு. எங்க அப்பா ரிட்டயர் ஆன புதுசு, ரிமோட்டைக் கைல மாட்டுற அந்த நாடாவை ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, பௌலிங் பந்தை விடுறப்ப வலது கால் பின்னாடி தானா இடது பக்கம் போகும், நிஜ பௌலிங் அவர் வாழ்க்கைல பாத்ததே கிடையாது. யாரும் சொல்லித் தரல. எந்த பட்டனை அமுக்கணும்னு ஒரு தடவைதான் கேட்டாரு. விளையாட்டே தெரியாத ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷத்துல புரியிற மாதிரி ஒண்ணு செய்றது எவ்வளவு கஷ்டமான டிசைன் வேலை! 76 மார்க் அதை அளக்கல. தரம்னு சொன்னா யாருக்கான தரம்ங்கற கேள்வி அதுக்குள்ளயே இருக்கு, அக்கா பையனுக்கு நான் சொல்ல நினைச்சதுல இது முக்கியமான ஒண்ணு.

அதே சமயம் அவன் சொன்னதுல உண்மை இல்லாமலும் இல்ல. வலு கம்மியான மெஷினுக்கு கேம் செய்யச் செலவு கம்மி. மெஷின் கோடிக்கணக்கான வீட்டுல இருக்கு, கேமைத் தேர்ந்தெடுக்குறவங்க நிறையப் பேர் டப்பால இருக்குற படத்தைப் பாத்து வாங்குறவங்க. அப்ப என்ன ஆகும், ஏனோதானோன்னு செஞ்ச கேம் மலை மாதிரி குவியும். வீல அதுதான் ஆச்சு. அலமாரி பூரா ஒரே மாதிரி பார்ட்டி கேம், குதிரை கேம், டயட் கேம். இந்தக் குப்பைக்கு நடுவுல நல்லது ஒண்ணு வந்து நின்னா அது தெரியறதில்ல.

எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம் ஓகாமிங்கற கேம். க்ளோவர் ஸ்டூடியோ செஞ்சது, 2006ல பிஎஸ்2க்கு வந்துச்சு. திரை பூரா ஜப்பான் மை ஓவியம் மாதிரி, நீங்க ஒரு வெள்ளை ஓநாய், கடவுள். வானத்துல தூரிகையால வட்டம் போட்டா சூரியன் வரும். வருஷத்தோட சிறந்த கேம்னு பல இடத்துல விருது வாங்குச்சு. ஆனா அந்த நேரம் எல்லார் கண்ணும் ரெண்டு மாசத்துல வரப்போற பிஎஸ்3, வீ மேல இருந்துச்சு, கேம் ஓடல, ஸ்டூடியோவை 2007ல மூடிட்டாங்க. விருது வாங்குன கேம்கள்லயே வியாபாரத்துல கடைசியா நின்னதுன்னு கின்னஸ்லயே போட்டாங்க, அதைப் படிக்கிறப்ப மனசு வலிக்கும். 2008ல வீக்கு வந்தப்பயும் பெரிசா போகல. அந்த ஸ்டூடியோவோட முக்கியமான ஆளுங்க சேந்து பிளாட்டினம் கேம்ஸ் ஆரம்பிச்சு 2009ல வீக்குன்னே மேட்வேர்ல்ட் குடுத்தாங்க. முழுக்க கறுப்பு வெள்ளை, ரத்தம் மட்டும் சிவப்பு. மெஷினோட பலவீனம் தெரியாம இருக்க இதை விட அழகான வழி இருக்கான்னு தெரியல. அதுவும் விக்கல.

ஸெனோபிளேடு இன்னொரு மாதிரி. 2010ல ஜப்பான்ல வீக்கு வந்த ரோல் பிளேயிங் கேம் (ஆர்பிஜி). அமெரிக்காவுக்கு கொண்டு வர்ற மாதிரியே தெரியல, ரசிகர்கள் ஆபரேஷன் ரெயின்ஃபால்னு ஒரு இயக்கமே நடத்தி, கடைசில 2012ல வந்துச்சு, அதுவும் எல்லா கடைலயும் கிடைக்கல. அப்படி வித்த எண்ணை வச்சு அந்த கேம் பிடிச்சுச்சா பிடிக்கலயான்னு எப்படிச் சொல்றது? 2020ல ஸ்விட்ச்ல புதுப்பிச்சு விட்டாங்க, ரெண்டு மாசத்துக்குள்ள பத்து லட்சத்தைத் தாண்டுச்சு. அந்தப் பத்து வருஷமும் கேம் நல்லாத்தான் இருந்துச்சு, கைக்கு வரல, அவ்வளவுதான்.

எதிர்ப் பக்கமும் பாக்கணும். போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் 2022 நவம்பர்ல வந்துச்சு. மூணே நாள்ல ஒரு கோடி. ஆனா வண்டி வண்டியா பிரச்சனை, படம் ஓடுற வேகம் (ஃபிரேம்) தடுமாறும், தூரத்துல நடக்குற ஆள் விட்டு விட்டு நகருவான், கேமரா தரைக்குள்ள போயிடும். நின்டெண்டோவே அடுத்த மாச அப்டேட் குறிப்புல மன்னிப்பு கேட்டுச்சு. அப்ப அந்த ஒரு கோடி எதைக் காட்டுது? முதல் மூணு நாள் வாங்குனவன் இன்னும் விளையாடவே இல்லயே. அவன் காசு குடுத்தது இருபது வருஷத்துக்கு மேலா அந்தத் தொடர் மேல வச்ச நம்பிக்கைக்கு. முதல் வார விற்பனைங்கறது பெரும்பாலும் போன பாகத்தோட தரம், இந்தப் பாகத்தோட தரம் அடுத்ததோட முதல் வாரத்துலதான் தெரியும். அதனாலதான் நான் மூணு வருஷம் கழிச்சும் மாசாமாசம் விக்குதான்னு பாப்பேன். ஸ்டார்டியூ வேலி ஒரே ஆள், எரிக் பரோன், தனியா உக்காந்து செஞ்சது. 2016ல வந்த கேம், 2024 கடைசில 4.1 கோடி, அதுல 79 லட்சம் ஸ்விட்ச்ல. விளம்பரம், பண்டில் எதுவும் அதுக்குப் பின்னாடி இல்ல. அந்த மாதிரி எண்ணுல தரம் நிஜமாவே பேசுது.

மெஷின் பலவீனமா இருந்தா கேமோட தரமே கெடுமாங்கறது தனிக் கேள்வி. சில சமயம் கண்டிப்பா கெடும். நான் மேல சொன்ன டெட் ரைசிங், அதோட உயிரே திரை கொள்ளாத ஜாம்பிக் கூட்டம்தான், 2009ல வீக்கு மாத்துனப்ப கூட்டம் கரைஞ்சு போச்சு, ஒரு மால்ல கொஞ்சம் பேர் சும்மா நடந்துட்டு இருக்குற மாதிரி ஆயிடுச்சு. 2023ல மார்ட்டல் காம்பாட் 1 ஸ்விட்ச்ல வந்த அழகை எல்லாரும் பாத்தோம், பெரிய கன்சோலுக்கு வச்ச அதே 70 டாலர் விலைக்கு. ஆனா விட்சர் 3ஐ 32 ஜிபி கார்ட்ரிட்ஜ்ல அடக்கிக் குடுத்தாங்க, டூமை விநாடிக்கு 60 ஃபிரேம்லேர்ந்து 30க்கு இறக்கி, படத்தைக் கொஞ்சம் மங்க வச்சு, விளையாட்டோட வேகம் கெடாம குடுத்தாங்க. எதை வெட்டலாம் எதை வெட்டக் கூடாதுன்னு தெரிஞ்ச கை அது. அந்த மெஷினுக்குன்னே யோசிச்சுச் செஞ்சா இந்தப் பிரச்சனையே வராது. ஸெல்டா தொடர்ல வந்த பிரெத் ஆஃப் தி வைல்ட்ல புல்லு, காத்து, தூரத்து மலையோட மங்கல் எல்லாம் வாட்டர் கலர் மாதிரி இருக்குறதால இது கம்மி சக்தின்னு கண்ணுக்குத் தோணவே தோணாது.

நம்ம ஊர்க் கணக்கு இன்னும் சிக்கல். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேம் பிஎஸ்2ல மட்டும் 1.73 கோடி வித்துச்சுன்னு சொல்லுவாங்க. அந்த 1.73 கோடில எங்க தெருப் பசங்க ஒருத்தரும் இல்ல. எல்லாருமே மார்க்கர்ல பேர் எழுதுன காப்பி டிஸ்க்லதான் விளையாடுனோம், கன்சோலுக்குள்ள சிப் போட்டு. ஸ்விட்ச்சை நின்டெண்டோ இந்தியால அதிகாரபூர்வமா விக்கவே இல்ல, துபாய், சிங்கப்பூர் வழியா வர்றதுதான், அதனால இங்க விளையாடுறவங்க வேற நாட்டுக் கணக்குல ஏறிடுறாங்க.

அதனால பையனை பாலிகா பஜார்ங்கற, தரைக்கு அடியில இருக்குற மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ராஜீவ் சௌக்ல இறங்கி, வெயில்லேர்ந்து படி இறங்கினா அந்த ஏசியும் ரப்பர் வாசனையும் கலந்து மூஞ்சில அடிக்கும். நான் பதினஞ்சு வருஷமா போற, பழைய கேம் வாங்கி விக்கிற கடை ஒண்ணு, கண்ணாடி ஷெல்ஃப், ஒரு ஆள் நிக்கிற இடம். பையன் போன வருஷத்து ஃபுட்பால் டிஸ்க்கைக் குடுத்தான், புதுசா வாங்குனப்ப நாலாயிரம். கடைக்காரர் அதைத் திருப்பிக் கூடப் பாக்கல, கீழ ஒரு அட்டைப் பெட்டியைக் கால்ல நகர்த்திக் காட்டுனாரு, அதுக்குள்ள அதே டிஸ்க் அடுக்கடுக்கா. முந்நூறு ரூபான்னாரு. அந்த வரிசை கேம்தான் வருஷா வருஷம் விற்பனைல மேல நிக்கிறது. நான் என் மரியோ கார்ட் கார்ட்ரிட்ஜை எடுத்து நீட்டினேன், ஏழு வருஷம் பழசு, ஸ்டிக்கர் ஓரம் உரிஞ்சது. "ரெண்டாயிரத்து அறுநூறு"ன்னாரு கையால தொடாமயே. ஏன் இவ்வளவுன்னு பையன் இந்தில கேட்டான். "யே ருக்தா நஹீன்", இது கடைல தங்காது, காலைல வந்தா சாயங்காலம் போயிடும், வாங்குனவன் திருப்பி எடுத்துட்டும் வர மாட்டான்னாரு. அவர் ஒரு விமர்சனமும் படிச்சதில்ல. எது திரும்பி வருது எது வரலன்னு மட்டும் தெரியும். கோடிக் கணக்கை விட எனக்கு அந்த அட்டைப் பெட்டி மேல நம்பிக்கை அதிகம். நான் விக்கல, பைக்குள்ள போட்டுக்கிட்டேன்.

"மாமா, நீங்க சொன்ன அந்த ஓநாய் கேம் இருக்கான்னு கேளுங்க"ன்னான். கேட்டோம். இல்ல. ஸ்விட்ச்ல 2018ல ஓகாமி எச்டி வந்துச்சு, ஆனா ஜப்பானுக்கு வெளியே டவுன்லோடு மட்டும்தான், கார்ட்ரிட்ஜே கிடையாது. டவுன்லோடு பண்ணதை யாரும் விக்க முடியாது, அதனால அது அந்த ஷெல்ஃப்லயும் இருக்காது அட்டைப் பெட்டிலயும் இருக்காது. பாலிகா கடைக்காரர் வச்சிருக்க அளவுகோலுக்கும் எட்டாத கேம்.

ராத்திரி என் வேற நாட்டு அக்கவுண்ட்லேர்ந்து இறக்கினேன். டிவில போடலாமான்னேன், வேண்டாம்னு கைல வச்சுக்கிட்டான், ஏன்னா கைல வச்சு விளையாடுறப்ப தூரிகைக்கு பட்டன் வேண்டாம், திரைலயே விரலால வரையலாம். முதல் தடவை போட்ட வட்டம் சேரல, கோணலாப் போச்சு. சட்டைல விரலைத் துடைச்சுட்டு மறுபடி மெதுவா, இருட்டு வானத்துல ஒரு சுத்து. கோடு போய் கோட்டைத் தொட்டதும் சூரியன் வந்துச்சு. "மாமா, திரும்ப இருட்டாகுமா?"ன்னு கேட்டான், இன்னொரு தடவை வரையறதுக்கு.